உடவத்தகலைக்குப் போகிறீர்களா? சோப்பை மறக்காதீர்கள்

கண்டி தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகலை வனம், பிள்ளைகளோடு நடக்க அருமையான இடம். லேடி ஹோர்ட்டன் பாதையில் போங்கள்; அகலமானது, ஏற்றமும் அதிகமில்லை. வழியில் குளம், தொடை தடிமனில் முறுக்கி ஏறும் கொடிகள். பிள்ளைகள் அங்கிருந்து நகரவே மாட்டார்கள்!

மழை பெய்திருந்தால் அட்டை நிச்சயம். நீளமான காலுறைக்குள் காற்சட்டையைச் சொருகி, காலுறைமேல் ஈர சோப்பை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அப்படியும் கடித்தால் பிடித்து இழுக்க வேண்டாம். தோலை ஒட்டி நகத்தை மெதுவாக நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை. கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். அப்புறம், சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்காதீர்கள், குரங்குகள் பார்த்துக்கொண்டே இருக்கும்.