ஒரு குச்சியும் நிழலும் போதும்: டர்பனின் அட்சரேகையை நாமே அளக்கலாம்

செப்டம்பர் 23-ஐ ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும். அன்று நண்பகலில் அது நம் தலையுச்சியிலிருந்து எத்தனை பாகை சரிந்திருக்கிறதோ, அதுதான் நம் ஊரின் அட்சரேகை. தமிழ்நாட்டுப் புத்தகப் படத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே அன்றைக்கு நண்பகல் நிழல் வடக்கே விழும், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தெற்கே.

முதலில் குச்சி. சமமான கெட்டி மண்ணில் துடைப்பக் கம்பை அறைந்து, தரைக்கு மேல் சரியாக 100 செ.மீ. இருக்கும்படி வெட்டுங்கள். நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டாலே போதும். போன் செயலியை நான் நம்புவதில்லை. கம்பு வடக்கிலோ தெற்கிலோ ஒரு பாகை சாய்ந்தால் விடையில் முக்கால் பாகை போய்விடும்.

அடுத்தது நண்பகல். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். கடிகாரம் 12 காட்டும்போது அளக்கக் கூடாது. தென்னாப்பிரிக்க நேரம் 30 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. டர்பன் இருப்பது 31-இல். அதனால் இங்கே நண்பகல் 4 நிமிடம் முந்துகிறது. பூமியின் அச்சுச் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் செப்டம்பரில் இன்னும் ஏழெட்டு நிமிடம் முந்தும். ஆக, உண்மையான நண்பகல் 11:48 வாக்கில். சூரியன் மறுபடி நிலநடுக்கோட்டுக்கு மேலே வரும் மார்ச்சில் செய்தால் 12:03.

மிகக் குட்டையான நிழலைப் பிடித்தால் ஆகாதா? கஷ்டம். நண்பகலுக்குப் பின் 10 நிமிடத்தில் நிழல் நுனி கிழக்கே 5 செ.மீ. நகரும், நீளமோ 2 மில்லிமீட்டர்தான் கூடும். அதைவிட, கம்பின் அடியை மையமாக வைத்து 80 செ.மீ. கயிற்றால் வட்டம் போடுங்கள். காலை 10 மணி வாக்கில் நுனி வட்டத்தைத் தொடும், பிற்பகல் ஒன்றரை வாக்கில் மறுபடி தொடும். இரண்டு இடத்திலும் ஆணி வைத்து, நடுப்புள்ளியைக் கம்பின் அடியோடு இணைத்தால் சுத்தமான வடக்கு-தெற்குக் கோடு. நம் பழைய சிற்பிகள் சங்கு என்ற முளைக்குச்சியை நாட்டித் திசை பார்த்ததும் இப்படித்தான். திசைகாட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். டர்பனில் காந்த ஊசி உண்மை வடக்கைவிட்டு 20 பாகைக்கும் மேல் மேற்கே ஒதுங்கி நிற்கும்.

மறுநாள் நிழல் அந்தக் கோட்டின்மேல் வரும்போது அளந்துகொள்ளுங்கள். நுனி மங்கலாகத்தான் இருக்கும், ஏனென்றால் சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலம். கம்பின் உச்சியில் ஓர் அட்டையை ஒட்டிச் சின்னத் துளை போட்டால், நிழலுக்குள் ஒரு செ.மீ. அளவில் ஒளிவட்டம் விழும். அதன் நடுவைக் குறியுங்கள்.

சுமார் 57.5 செ.மீ. வரும். அதை 100-ஆல் வகுத்து, கால்குலேட்டரில் டேன் தலைகீழ் (tan⁻¹) அழுத்தினால் 29.9 பாகை. அவ்வளவுதான். ஒரு பாகை பிசகினால் வரைபடத்தில் 111 கி.மீ. தள்ளிப் போவீர்கள்.

பின்சேர்க்கை: மொரீஷியஸிலிருந்து ஒரு வாசகர், டிசம்பரில் நண்பகல் நிழல் வடக்கே விழுகிறதே என்று கேட்டிருந்தார். சரியான கேள்வி. டிசம்பர் 21-இல் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு 23.4 பாகை தெற்கில் நிற்கும். போர்ட் லூயிஸ் இருப்பது 20.2-இல். அதாவது சூரியன் அவருக்கும் தெற்கே. அங்கே கிடைக்கும் கோணம் 3.2 பாகைதான், அதை 23.4-லிருந்து கழிக்க வேண்டும். அதே நாளில் டர்பனில் நிழல் தெற்கேதான் விழும், கோணம் 6.5, இங்கே கூட்ட வேண்டும். ஜூன் 21-இல் சூரியன் வடக்கே போய்விடுவதால் டர்பனில் 53.3 கிடைக்கும், அப்போது 23.4-ஐக் கழியுங்கள்.