பெயரில்லாத பட்டனுக்குப் பெயர் வைத்தேன்
பார்வை மங்கிய பிறகு, குமுளி ஏலக்காய்க் கடைக் கணக்கைப் போனில்தான் எழுதுகிறேன். நான் வைத்திருந்த குறிப்புச் செயலியில் சேமி, அழி இரண்டுக்குமே, ஆண்ட்ராய்டு போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் "பட்டன்" என்று மட்டும் சொல்லும். எதை அழுத்துவது? எட்டு எம்எம் காய்க்குப் பேசிய விலை ஒரு தட்டில் போய்விடும்.

தீர்வு டாக்பேக்கிலேயே இருந்தது. பட்டனில் விரல் வைத்துத் தேர்ந்தெடுத்து, மூன்று விரலால் ஒரு தட்டு. வரும் மெனுவில் லேபிள் சேர்க்கலாம். தம்பி மகன் எது எதுவென்று பார்த்துச் சொன்னான், நான் பெயர் வைத்தேன். இப்போது "சேமி" என்றே வாசிக்கிறது. லேபிளை ஏற்காத பட்டன்களும் உண்டு. அப்படிப்பட்ட செயலியை விட்டுவிடுங்கள்.

மலையாளக் குறிப்புகளுக்கு, போனின் பேச்சு அமைப்பில் மலையாளக் குரலையும் இறக்கிக்கொண்டேன். அதே மெனுவில் பேசும் மொழியை மாற்றிக்கொள்கிறேன்.