ஓடிபி கொடுக்கும் முன்: இணையத்தில் எழுதிச் சம்பாதிக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பகலில் வேறு வேலை. ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை முடித்து, டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு சேர்ந்து, இரவு பத்து மணிக்கு மேல் தொடர்கதை எழுத உட்காருகிறார்கள். யாரும் கதை எழுதி வெளியிடக்கூடிய பிரதிலிபி போன்ற தளத்துக்கு இதே ஊர்தான் தலைமையிடம். ஆடியோ கதை நிறுவனங்களும் இங்கே இருக்கின்றன. அதனால் எழுத்தில் காசு பார்ப்பது எட்டாத கனவாகத் தெரிவதில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள், முன்னால் வந்தவர்கள் ஏமாந்த அதே இடத்தில்தான் இன்றும் ஏமாறுகிறார்கள்.

எழுத்துப்பிழை, அடுத்தவர் கதையைத் திருடுவது, எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் லிங்க் போட்டு வெறுப்பேற்றுவது, இவை தவறென்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். செய்யும்போது தவறென்றே தெரியாதவை சில உண்டு. முதலில் வருவதுதான் எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது.

'அனைத்து உரிமைகளும்' என்ற வரியில் கையெழுத்துப் போடுவது

நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. ஒருவர் ஒரு தளத்தில் இலவசமாகத் தொடர் எழுதுகிறார். அந்தத் தளத்தின் பொது விதிகளில் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். கதையைக் காட்டுவதற்கான அனுமதி மட்டும் தளத்துக்குப் போகும். வாசகர்கள் சேருகிறார்கள். ஒருநாள் அழைப்பு வருகிறது: "உங்கள் கதையை ஆடியோ தொடராக எடுக்கிறோம். அத்தியாயத்துக்கு இவ்வளவு தருகிறோம்." மகிழ்ச்சியில் கை நடுங்குகிறது. பன்னிரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தம் மின்னஞ்சலில் வருகிறது. கடைசிப் பக்கத்துக்குப் போய், ஆதார் எண்ணைக் கொடுத்து, ஓடிபியைப் போட்டு முடித்துவிடுகிறார். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி ஆதார் மின்கையொப்பம் செல்லும். பேனாவால் போட்ட கையெழுத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தியாயத்துக்கு 300 ரூபாய், 100 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,200 சொல் என்று வைத்துக்கொள்வோம். 30,000 ரூபாய்க்கு 1,20,000 சொல், அதாவது சொல்லுக்கு 25 பைசா. அச்சில் போட்டால் சுமார் 500 பக்கம் வரும் நாவல். ஆடியோவுக்கு மட்டும் என்றால் இந்தத் தொகையைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலும் போவது அதோடு நிற்பதில்லை. அச்சு, மின்நூல், வெப் சீரிஸ், சினிமா, மொழிபெயர்ப்பு, அந்தப் பாத்திரங்களை வைத்து இனி எழுதப்படும் இரண்டாம் பாகம், எல்லாம் சேர்ந்து போகிறது. பிறகு ஒரு பதிப்பாளர் நாவலாகப் போடலாமா என்று கேட்கும்போதுதான், தன் கதையைத் தானே விற்க முடியாது என்பது எழுதியவருக்குத் தெரியவருகிறது.

இதில் எரிச்சல் தருவது என்னவென்றால், சட்டம் எழுத்தாளர் பக்கம்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் அதன் 2012 திருத்தத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். ஒவ்வொரு கடுமையான சொல்லும், சட்டம் உங்களுக்குக் கொடுத்த ஒரு பாதுகாப்பை எடுப்பதற்காகவே அங்கே உட்கார்ந்திருக்கும்.

பிரிவு 19(5): எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். அதனால்தான் ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக' என்று இருக்கிறது. பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டும் இருப்பது. 'நிரந்தரம்' என்றால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும்.

பிரிவு 19(6): எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால் 'உலகம் முழுவதும்'. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடா வாசகர்களும் அதோடு போய்விடுவார்கள்.

பிரிவு 19(4): உரிமை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் ஆகாது. அதனால் 'பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி. பதினோராம் பக்கத்தில் எங்கோ இருக்கும், யாரும் படிப்பதில்லை. கதையை வாங்கி, வெளியிடாமல், திருப்பியும் தராமல் வைத்துக்கொள்ள வழிசெய்வது இந்த வரிதான்.

பிரிவு 18: கையெழுத்துப் போடும் நாளில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, ஒப்பந்தத்தில் குறிப்பாகச் சொன்னால் ஒழியப் போகாது. அதனால் 'இப்போது உள்ள, இனி வரப்போகும் அனைத்து ஊடகங்களிலும்'.

விதிகள் எழுத்தாளருக்கு மிகக் கடுமையாக இருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க 19ஏ பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் கையெழுத்திட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அப்படி ரத்து செய்து உத்தரவிட முடியாது. அதுவரை வக்கீல் ஃபீஸ் யார் கொடுப்பது?

ஆகவே கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியது இது. முதலில், உரிமை மாற்றமா உரிமமா என்று பாருங்கள். வீட்டைக் கிரயம் செய்து கொடுப்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. உரிமமே கேளுங்கள். அடுத்து, ஒரு தாளில் உரிமைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: இணைய வாசிப்பு, மின்நூல், அச்சு, ஆடியோ, திரை, மொழிபெயர்ப்பு, தொடர்ச்சிக் கதை. அவர்கள் இப்போது உண்மையில் செய்யப்போவது எதுவோ அதை மட்டும் கொடுங்கள். ஆடியோ நிறுவனத்துக்கு அச்சு உரிமை எதற்கு?

பிறகு நான்கு கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் பேச வேண்டாம். தமிழ் ஆடியோவுக்கு மட்டும் என்று மாற்ற முடியுமா? மூன்று ஆண்டு என்று போட முடியுமா? ஒரு வருடத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை தானாகத் திரும்புமா? அத்தியாயத் தொகையைத் தாண்டி வருமானத்தில் பங்கு உண்டா, அதன் கணக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவீர்கள்? பதில் எழுத்தில் வரட்டும். அதை ஒப்பந்தத்திலும் ஏற்றச் சொல்லுங்கள். 'முன்பு பேசியது எதுவும் செல்லாது, இந்த ஒப்பந்தமே முழுமையானது' என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். போனில் கொடுத்த வாக்குறுதியெல்லாம் அந்த வரியோடு முடிந்துவிடும்.

"இது எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம், மாற்ற முடியாது" என்று சொன்னால்? அந்தக் கதையைக் கொடுக்காதீர்கள். அந்த நிறுவனத்துக்கென்றே வேறொரு தொடரை எழுதிக் கொடுங்கள். வருடக்கணக்கில் மனதில் வைத்து வளர்த்த நாவலை 25 பைசா கணக்கில் விட்டுவிடாதீர்கள். தொகை பெரிதென்றால் ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். அதற்கும் முடியாதவர்கள் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், ஏற்கெனவே புத்தகம் போட்டவர்களிடம் தங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதி வாங்கினார்கள் என்று கேட்கலாம். கேட்க வெட்கப்படுவதால் இழப்பவர்கள்தான் அதிகம். ஒப்புக்கொண்ட அன்றே ஒப்பந்தத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் உரிமை மாற்றத்தோடு போய்விடாது. உரிமையை விற்ற பிறகும், எழுதியவர் நீங்கள்தான் என்று கோரும் உரிமையும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும்படி கதையைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் பிரிவு 57இன்படி உங்களிடமே இருக்கும்.

ஆஃபர் லெட்டரைப் படிக்காமல் எழுத வருவது

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இது. வேலையின் பகுதியாகச் செய்ததுதான் நிறுவனத்துக்குச் சொந்தம் என்கிறது சட்டம். ஆனால் பல பணி ஒப்பந்தங்கள் அதைவிட அகலமானவை: வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கியது எல்லாம் நிறுவனத்துக்கு, வெளி வருமானத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்றெல்லாம் இருக்கும். 2022இல் இரட்டை வேலை சர்ச்சை கிளம்பிய பிறகு இதைக் கவனிக்கும் நிறுவனங்கள் அதிகம். மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கணினியில், நிறுவனத் தகவல் எதுவும் இல்லாமல் புனைகதை எழுதுகிறேன், அதில் சிறு வருமானம் வரலாம் என்று. அனுமதி வந்ததும் அதைச் சொந்த மின்னஞ்சலில் சேமியுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

70 சதவீதத்தைப் பார்த்து கேடிபி செலக்டில் டிக் போடுவது

மின்நூலை நாமே வெளியிடும் அமேசான் கேடிபியில் ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது: பிரதிலிபியிலும் கூடாது, சொந்தத் தளத்திலும் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரை வைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்குத் தடை இல்லை. 90 நாள் முடிந்ததும் நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

தொடராக எழுதி முடித்த கதையை அப்படியே விட்டுவிட்டு மின்நூலும் போடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. எச்சரிக்கை வரும், நூல் நீக்கப்படும், கணக்கே போனாலும் போகும். முதலில் அத்தியாயங்களை எடுத்துவிட்டு, கூகுளில் தேடி எங்கும் மிச்சம் இல்லை என்று பார்த்த பிறகு டிக் போடுங்கள். எடுக்க மனமில்லையா? 35 சதவீதம் போதும் என்று விடுங்கள். இன்னொன்று: 70 சதவீதத்தில் கோப்பின் அளவுக்கேற்ப விநியோகச் செலவு கழியும். படங்கள் நிறைந்த பயணநூலில் அது கணிசம்.

சொந்த விளம்பரத்தைத் தானே கிளிக் செய்வது, நண்பர்களைச் செய்யச் சொல்வது

உங்கள் வலைத்தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தருவது கூகுளின் ஆட்சென்ஸ். இப்படிச் செய்தால் அந்தக் கணக்கு மூடப்படும்.

ஆட்சென்ஸுக்கு பிஜி முகவரி கொடுப்பது

வருமானம் 10 டாலரைத் தொட்டதும், முகவரியைச் சரிபார்க்க கூகுள் ஒரு பின் நம்பரைக் கடிதமாக அனுப்பும். வர இரண்டு முதல் நான்கு வாரம். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நிற்கும். 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் மடிவாளாவிலிருந்து மாரத்தஹள்ளிக்கு மாறிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கடிதம் எங்கே போய்ச் சேரும்? ஊரில் இருக்கும் பெற்றோர் வீட்டு முகவரி பாதுகாப்பானது. பெங்களூர் முகவரியே என்றால் மெயின், கிராஸ், ஸ்டேஜ், பிளாக் நான்கையும் எழுதுங்கள். ஒரே லேஅவுட்டில் ஸ்டேஜுக்கு ஒரு 5வது கிராஸ் இருக்கும். பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஆட்சென்ஸ் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தமிழ்நாட்டு இனிஷியலை வங்கி முன்னாலும் நீங்கள் பின்னாலும் போட்டிருந்தால் அங்கேயே சிக்கும்.

தமிழ்த் தலைப்பையே இணைய முகவரியாக விட்டுவிடுவது

தலைப்பு தமிழில்தான் இருக்க வேண்டும். முகவரி அப்படி இருந்தால், பகிரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறியீடுதான்) சதவீதக் குறி, எண், ஆங்கில எழுத்து எல்லாம் சேர்ந்து ஒன்பது எழுத்தாக விரியும். 'பெங்களூர்' என்ற ஒரு சொல் 81 எழுத்து. வாட்ஸ்அப்பில் அதைப் பார்ப்பவர் வைரஸ் லிங்க் என்று நினைத்துத் தொடமாட்டார். வெளியிடும் முன் முகவரியை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாகச் சுருக்குங்கள். பழைய பதிவுகளில் மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பம் (ரீடைரக்ட்) போட மறக்காதீர்கள்.

கையில் அத்தியாயம் இல்லாமல் தொடரை அறிவிப்பது

பத்து அத்தியாயமாவது எழுதிவைத்த பிறகு அறிவியுங்கள். ஆபீஸில் ரிலீஸ் வேலை வரும் வாரத்தில் அவைதான் வாசகரைத் தக்கவைக்கும்.

கழித்துக்கொண்ட வருமான வரியைக் கேட்டு வாங்காமல் விடுவது

எழுத்துக்கான தொகையில் இந்திய நிறுவனங்கள் வரம்புக்கு மேல் போனால் 10 சதவீதத்தை வருமான வரியாக முன்கூட்டியே (டிடிஎஸ்) பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் 20. கேடிபியில் வரிப் படிவத்தில் பான் எண்ணை நிரப்பினால், அமெரிக்க விற்பனை ராயல்டிக்கு அங்கே பிடிப்பது இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம், நிரப்பாவிட்டால் 30. இங்கே பிடித்த டிடிஎஸ் தொகை வருமான வரித் துறையின் தளத்தில் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏறவில்லை என்றால் அப்போதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள். நிதியாண்டு முடிந்து, உங்களோடு பேசிய ஆள் வேலை மாறிப் போன பிறகு கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது.