விமான நிலையச் சோதனை: பெட்டி அடுக்கும்போதே நேரும் தவறுகள்

பவர் பேங்கைத் துணிகளுக்கு நடுவே வைத்துப் பெரிய பெட்டியோடு அனுப்பிவிடுவதைத்தான், இந்திய விமான நிலையங்களில் பயணிகள் செய்யும் தவறுகளில் முதலாவதாகச் சொல்ல வேண்டும். லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பிடித்தால், பயணிகள் பகுதியில் பணியாளர்கள் உடனே கண்டு அணைக்க முடியும். அடியிலுள்ள சரக்கு அறையில் அதைக் காண ஆளில்லை. ஆகவே அது கைப்பையில்தான் வர வேண்டும். மின்கலம் சேமிக்கும் ஆற்றல் 100 வாட்-மணி (Wh) வரை இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் அனுமதியே இல்லை. கருவியில் மில்லி ஆம்பியர்-மணி (mAh) மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுத்துப் பார்க்கலாம்: 20,000 என்றிருந்தால் 74 வாட்-மணி, 30,000 என்றால் 111. எழுத்து அழிந்துபோன பழைய கருவியை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.

வெளிநாட்டுப் பயணத்தில் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு, பாட்டிலின் கொள்ளளவைக் குறிக்கிறதேயன்றி உள்ளே மீதமிருக்கும் அளவையன்று. 200 மில்லி பாட்டிலின் அடியில் சிறிதளவு தேங்காய் எண்ணெய் இருந்தாலும் அது கைப்பையில் செல்லாது. 2006இல் லண்டனில் திரவ வெடிபொருள் சதி முறியடிக்கப்பட்ட பின் வந்த இந்தக் கட்டுப்பாடு நெய்க்கும் பொருந்தும் என்பதை, சிங்கப்பூரிலுள்ள பிள்ளைகளுக்காக அம்மாக்கள் ஆசையாகக் காய்ச்சிய நெய்யைக் கைப்பையில் வைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதைக் கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரைத் தேங்காயோ எளிதில் தீப்பற்றும் என்பதால் அந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது.

வரி விலக்குக் கடையில் முத்திரையிட்டுத் தரும் பையை, வழியில் வேறு விமானம் மாறுமுன் பிரிக்கக் கூடாது. அங்கே மீண்டும் சோதனை உண்டு.

முதியவர்கள் விஷயத்தில் நேரும் தவறு வேறு வகையானது. என்னை மிகவும் வருத்துவதும் அதுவே. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் உலோகம் காட்டும் வாயிலைக் கடக்கும்போது ஒலி எழுவது இயல்பு. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவ அட்டையை முன்கூட்டியே காட்டி, உலோகம் காட்டும் கைக்கருவியை பேஸ்மேக்கரின்மேல் பிடிக்காமல் கையால் தடவிச் சோதிக்கும்படி கேட்கலாம். பெண்களை மறைப்புக்குள் பெண் காவலர்களே சோதிப்பார்கள். இவற்றை வீட்டிலேயே யாரும் சொல்லி அனுப்பாததால், கருவி ஒலித்ததும் தாங்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக எண்ணி அவர்கள் வாயடைத்து நின்றுவிடுகிறார்கள்.