சுங்கை சிப்புட்டிலிருந்து கோயம்புத்தூர்: முதல் முறை போகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நம் ஊர்க்காரர்கள் தமிழ்நாடு போனால் சென்னையில் சேலை, மதுரையில் மீனாட்சி, பழனியில் முருகன் என்று முடித்துவிடுவார்கள். கோவை வண்டி மாறும் இடம் மட்டும்தான். என்னைக் கேட்டால் அங்கேயே அறை எடுத்துத் தங்கிச் சுற்றுவதுதான் வசதி.

1. மாதம் பாருங்கள். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில்தான் எல்லோரும் கிளம்புகிறோம். ஆனால் நவம்பர், டிசம்பரில் வடகிழக்கு மழையால் மண் சரிந்து ஊட்டி மலை ரயில் அடிக்கடி ரத்தாகும். ஜனவரி, பிப்ரவரி நல்லது.

2. இ-விசாவை அரசாங்க இணையதளத்திலேயே எடுங்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு நேர் பஸ் உண்டு. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம். திருச்சியிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போல ஆகும்.

3. அறையைக் காந்திபுரத்தில் எடுங்கள். கோவையில் திசைக்கு ஒரு பேருந்து நிலையம். திருச்சி, மதுரைக்குச் சிங்காநல்லூர்; பொள்ளாச்சிக்கு உக்கடம்; ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் சாலை. இதைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், ஆட்டோவுக்கு வீண் செலவு மிச்சம்.

4. முதல் நாள் கோயில்கள். காலையில் மருதமலை, அப்புறம் பேரூர் பட்டீசுவரர். பேரூரில் சாமி கும்பிட்டதும் ஓடிவராதீர்கள். 17ஆம் நூற்றாண்டுக் கனகசபையில் நின்று அண்ணாந்து பாருங்கள்: கூரையிலிருந்து கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்கும். தூணில் யானையை உரிக்கும் சிவனையும் தேடிப் பாருங்கள்.

5. மலை ரயில். இதற்காகவே போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், காலை 7.10க்குக் கிளம்பி ஐந்து மணி நேரம் போல ஊர்ந்து ஏறும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த கம்பி வரும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். குன்னூர் வரை 1899லும் ஊட்டி வரை 1908லும் ஓடத் தொடங்கிய ரயில் இது. 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். திரும்பும்போது பஸ் போதும். டாக்சியில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். ஓட்டுநரிடம் முன்பே கேளுங்கள்.

6. வால்பாறை. ஊட்டியை விட எனக்கு இதுதான் பிடிக்கும். பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். ஒன்பதாவதில் இறங்கினால் அணை முழுசாகத் தெரியும், வரையாடும் கண்ணில் படலாம். மேலே போனால் தேயிலைத் தோட்டம், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள், கொழுந்து நிறுக்கும் இடம். கித்தா (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களைக் கூட்டிப்போனால் பேச்சு நிற்காது. யானை நடமாடும் பாதை, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

7. கடைசி நாள் கடைவீதி. ஒப்பணக்காரத் தெருவில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கோரா காட்டன் சேலை கேளுங்கள். இடுப்பில் நிற்காத பட்டு மாதிரி இல்லாமல் கட்ட எளிது. கிரைண்டர் ஆசை வந்தால் வாங்கலாம், மின்சாரம் நம் வீட்டுக்கு ஒத்துவரும். பிளக்தான் உருண்டைக் கால், அதற்கு ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லின் எடையை விமானப் பெட்டிக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.