காட்டுக்கோயிலைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போங்கள்

டிசம்பர் வந்தால் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு டொராண்டோவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஒரு நாள் சென்னை, மறுநாள் இரவு ரயிலில் தெற்கே. தாத்தா ஞானஸ்நானம் பெற்ற கிராமத்துக் கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். சென்னையில் என்ன பார்க்கலாம் என்றால் சாந்தோம் பேராலயம் என்பார்கள். சாந்தோம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் இன்று நிற்கும் அந்தக் கட்டடம் 1896இல் எழுந்தது. ஊரில் இருக்கும் உங்கள் சின்னக் கோயிலைப் புரிந்துகொள்ள, முதலில் மயிலாப்பூர் லஸ் மாதா கோயிலுக்குப் போங்கள்.

அந்தக் கோயிலை அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் காட்டுக்கோயில் என்பார்கள். கட்டியபோது சுற்றிலும் காடு. லஸ் என்றால் போர்த்துகீசிய மொழியில் வெளிச்சம். கடலில் வழி தவறிய மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தெரிந்தது, அதைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் அது மறைந்த இடத்தில் கோயில் எழுப்பினார்கள் என்பது மரபுக் கதை. தமிழில் பிரகாச மாதா ஆலயம். லஸ் கார்னரில் இறக்கிவிடச் சொல்லும் யாருக்கும், தான் போர்த்துகீசியம் பேசுகிறோம் என்பது தெரியாது!

கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். அந்தப் பகுதியில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து, சாலையை அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள். ஆட்டோக்காரர் சுற்றிக்கொண்டு போனால் சண்டை போடாதீர்கள். வார நாளில், வெயில் தாழ்ந்து நாலு மணிக்குமேல் போனால் கூட்டம் இருக்காது. ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா, அன்றைக்கு நிதானமாகப் பார்க்க முடியாது. வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். பூசை நடக்கும்போது படம் வேண்டாம், மற்ற நேரத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கோயிலில் உள்ள போர்த்துகீசியக் கல்வெட்டு 1516 என்கிறது. மயிலாப்பூரில் போர்த்துகீசியர் குடியிருப்பு நிலைபெற்றது 1520களில் என்பதால் இந்த ஆண்டைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் மதராஸ் என்ற நகரத்தைவிடக் கோயில் மூத்தது. ஆங்கிலேயருக்கு இங்கே இடம் கிடைத்ததே 1639இல்தான். ஹைதர் அலி படையெடுத்த காலத்தில் சேதமாகி, பிறகு பழுது பார்த்திருக்கிறார்கள். கூர்மையான வளைவுகள் ஒரு பாணி, சுழியும் மடிப்புமான அலங்காரம் வேறொரு பாணி. உள்ளே போனதும் பீடத்தின் தங்கப் பூச்சுக்குத்தான் கண் போகும். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் சுவரின் கனத்தைப் பாருங்கள்.

இந்த மாதிரிக் கட்டடங்களில் சிமெண்ட் கிடையாது. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். மேல்பூச்சு பளபளக்க முட்டை வெள்ளைக்கரு. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புச் சுவர் மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, எண்ணெய்ப் பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் போக வழியில்லை. இரண்டு மழைக்குள் உப்புப் பூத்துப் பாளம் பாளமாக உதிரும். எங்கள் ஊர்க் கோயிலில் இதுதான் நடந்தது. விரலால் தட்டினால் தொம் தொம்மென்று வெற்றுச் சத்தம், நகம் பட்டால் உள்ளே மாவு மாதிரிக் கொட்டியது. "கட்டடம் பழசாயிடுச்சு, இடிச்சிட்டுப் பெரிசா கட்டலாம்" என்று பேச்சு கிளம்பியது. டொராண்டோவில் இருக்கும் என் பெரியப்பா மகன் பணம் அனுப்பத் தயாராகவே இருந்தார். வந்தவரை லஸ் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் கை வைக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. "நம்ம கோயிலுக்கு நூத்தி முப்பது வயசுதானேடா" என்றார்.

நேரம் மிச்சமிருந்தால் பரங்கிமலை. 1523இல் மேலே ஒரு கோயில் எழுந்தது, 1547இல் அங்கே தோண்டியபோது பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த கற்சிலுவை கிடைத்தது. மலையேறும் படிகளை அமைத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். 1726இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவரும் அவரே. முழங்கால் வலி உள்ளவர்கள் காரிலேயே மேலே போகலாம். சின்னமலைக் கோயில் அதே பெயருள்ள மெட்ரோ நிலையத்துக்குப் பக்கம்தான், புனித தோமையார் ஒளிந்திருந்ததாக மரபு சொல்லும் குகையை எட்டிப் பார்க்க அரைமணி போதும்.

ஊருக்குப் போய்ப் பதிவேட்டைத் தேடுவதாக இருந்தால், தாத்தாவின் பெயர் வீட்டில் சொல்கிற மாதிரியே அங்கே இருக்கும் என்று எண்ணாதீர்கள். பழைய கத்தோலிக்கப் பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில். சின்னப்பன் அங்கே பவுலுஸ், ராயப்பன் பேத்ருஸ், அருளப்பன் யோவான்னெஸ், சவரிமுத்து க்சவேரியுஸ், இன்னாசி இக்னாசியுஸ். தோராயமான ஆண்டு, தாய் தகப்பன் பெயர், முடிந்தால் ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பங்குத்தந்தையைப் பிடிக்காதீர்கள், அன்றைக்கு அவருக்கு ஆயிரம் வேலை. செவ்வாய், புதன் காலை சரியாக இருக்கும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலென்றால் சேகர அலுவலகத்தில் கேளுங்கள்.

பணம் கொடுக்கும் விஷயத்தில் ஒன்று. கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் வெளிநாட்டில் சம்பாதித்ததை வங்கி வழியாகத் தருவதில் சிக்கல் இல்லை. குடியுரிமை மாறியவர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புக்குத்தான் தரலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். கிராமத்துப் பங்குக்குத் தனியாக அந்தப் பதிவு இருப்பது அரிது, மறைமாவட்டத்தில் முதலில் விசாரியுங்கள். "கையில குடுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெரியப்பா மகனிடம் இன்னமும் இந்தியக் கடவுச்சீட்டுதான், அந்தத் தொல்லை இல்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடத்தான் நாலு மாதம் ஆனது. கடைசியில் காரைக்குடிப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்து சிமெண்டைக் கொத்தி எடுத்தார்கள். கடுக்காய் ஊறவைத்த தொட்டி இன்னும் பங்குத்தந்தை வீட்டுக் கொல்லையில்தான் கிடக்கிறது, இப்போது அதில் ஆடு தண்ணீர் குடிக்கிறதாம்.