கடலோரத்துக்குச் சிறிய சொகுசு செடான்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆடி ஏ3, மெர்சிடீஸ் ஏ கிளாஸ் லிமோசின், பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூப்பே போன்ற கார்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "இந்தக் காசுக்குப் பெரிய எஸ்யூவியே வருமே" என்பார்கள். வரும். ஆனால் சிறிய சொகுசு செடான் என்பது ஓட்டுகிறவருக்கான கார். அதனால் யார் ஓட்டப் போகிறார், பின்னால் யார் உட்காரப் போகிறார் என்பதிலிருந்தே தொடங்குங்கள். பழைய கார் வாங்குவோருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வீட்டாரோடு போய்ப் பாருங்கள்

வளைகுடாவிலிருந்து திரும்பி, தானே ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு இது மிகவும் பிடிக்கும். தாழ்ந்த இருக்கை, சொன்னபடி கேட்கும் ஸ்டீயரிங், ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளம். ஐந்து மீட்டரைத் தாண்டும் பெரிய கார் திணறும் கீழக்கரைச் சந்தில் இது திரும்பிவிடும். புதிதாக ஓட்டப் பழகியவர்களுக்கும் அந்த அளவே தைரியம் தரும்.

மூட்டுவலி உள்ள அம்மாவை அடிக்கடி மதுரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர் மட்டும் யோசிக்க வேண்டும். அம்மாவே பின்கதவு வழியாக இரண்டு முறை ஏறி இறங்கட்டும். எழுந்திருக்கச் சிரமப்பட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

படி 2: ஆள் நிறைந்த காரை ஓட்டுங்கள்

நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, நீங்கள் தினமும் கடக்கும் வேகத்தடை மீதும் வீட்டு வாசல் சரிவிலும் ஏற்றி இறக்குங்கள். அடி தட்டினால் பேச்சே வேண்டாம்.

படி 3: பாம்பன் சாலைப் பாலத்தில் ஓட்டிப் பாருங்கள்

1988இல் திறந்த இந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆடி மாதக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது உயரமான வண்டி அசையும். தாழ்ந்த செடான் நேராகப் போகும். இந்த வகைக் காரை நான் விரும்புவதற்கு முதல் காரணமே இந்த நிதானம்தான். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறும்போது 'தட்' என்ற ஒற்றை ஒலி வந்தால் சரி. கடகடவென்று தொடர்ந்து கேட்டால் சஸ்பென்ஷன் தேய்ந்திருக்கிறது.

படி 4: உப்பையும் மணலையும் தேடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். காரை லிப்டில் ஏற்றச் சொல்லி, டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். போல்ட் தலைகள், பிரேக் குழாய்கள், சைலன்சர் இணைப்புகள் ஆகியவற்றில்தான் துரு முதலில் பிடிக்கும். பிரேக் டிஸ்க்கில் ஓர் இரவில் படியும் செம்மண் நிறத் துரு நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அதற்காகப் பயப்பட வேண்டாம். விளிம்பு மேடுதட்டி நகத்தில் இடறினால் டிஸ்க் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

சன்ரூப் இருந்தால் திறந்து, அதன் தண்டவாளத்தில் விரலை ஓட்டுங்கள். தனுஷ்கோடி மணல் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை அந்த ஓரத்தில் மெல்ல ஊற்றுங்கள். காருக்கு அடியில் தண்ணீர் வடிந்தால் வடிகுழாய் நன்றாக இருக்கிறது. தேங்கி நின்றால் மழைக்காலத்தில் கூரைத் துணி நனையும்.

படி 5: டயர்

டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல், காற்று இறங்கினாலும் ஓடும் ரன்பிளாட் டயர் இருந்தால், பொதுவாக, காற்று இறங்கிய பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர் என்பதால் வந்து சேர்ந்துவிடலாம்.

வாங்கிய பிறகு

தனுஷ்கோடியின் கடல்முனையான அரிச்சல்முனை போய்வந்தால் அன்றே அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள். உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள்.